கொக்கேந்தல் கண்மாயின் மேல்பக்கம்

கொக்கேந்தல் ஊர்க் கண்மாய் ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை, ஆடுகளைப் பட்டியிலிருந்து அவிழ்த்துவிடுகிற நேரத்தில், தண்ணீரும் தாமரையும் கெண்டையும் கெளுத்தியும் அடிச்சேறும் மடைக்கல்லும் அப்படி அப்படியே இருக்க, கரையை மட்டும் தரையில் விட்டுவிட்டு, மெல்ல எழும்பி, கரையில் நின்ற ஒற்றைப்பனையின் கழுத்து உயரத்துக்கு வந்ததும் போதும் என்பதுபோல அங்கேயே நின்றுகொண்டது. சத்தம் ஒன்றும் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பிழிந்த சேலையைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு மிச்சத் துணியை எதில் அலசுவது என்ற கவலை வந்து, வாளி எடுக்க வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. கண்மாய் இருந்த பள்ளத்தில் பகல் முழுக்கப் பச்சை நிழல் ஆடிக்கொண்டு கிடந்தது, பங்குனி வெயிலிலும் அங்கே மண் குளிர்ந்திருந்ததால் வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து அங்கேயே உட்காரவைத்துப் பாடம் நடத்தினார், காதுகுத்து வைத்தவர்கள் பந்தல் போடுகிற வேலை மிச்சம் என்று பத்திரிகையிலேயே 'இடம்: கண்மாய்க்குக் கீழ்' என்று அச்சடித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மேலிருந்து கெளுத்தி மீன் விழுந்தது, வெள்ளியன்று கவுச்சி சமைக்காத வீடுகள் அதை உப்புத் தடவிச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டன. கிராம நிர்வாக அலுவலர் வருஷாந்திரப் படிவத்தில் நீர்நிலை 'உள்ளது' என்றும் அமைவிடம் 'மேலே' என்றும் எழுதி முத்திரை குத்தி அனுப்பினார், அது திருப்பி அனுப்பப்படவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கொக்கேந்தலுக்குப் பெண் கொடுக்க முதலில் தயங்கினார்கள், சித்திரையில் வந்து அந்த நிழலில் ஒரு மத்தியானம் படுத்து எழுந்த பிறகு அவர்களே தரகரை அனுப்பினார்கள்.

பழக முடியாமல் போன ஒரே ஆள் ஜில்லாத் தலைநகரத்திலிருந்து ஜீப்பில் வந்த ஓர் இன்ஜினியர். எப்போது எழும்பியது, எதனால் எழும்பியது, எதன்மேல் நிற்கிறது, எப்போது இறங்கும் என்று கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு கேள்வி கேட்டார். அவர் ஜீப் ஏறிப் போன சாயங்காலம் கண்மாய் ஒருதரம் உடம்பைக் குலுக்கிக்கொண்டு இன்னும் ஒரு முழம் மேலே போய்விட்டது. அன்றைக்கு மேற்கிலிருந்து பலமான காற்று அடித்தது என்பதை யாரும் பேச்சில் சேர்க்கவில்லை. மறுநாளே ஊர்க்கூட்டம் கூடி, தலைவர் சாத்தையா அம்பலம் எழுந்து நின்று, கண்மாய்க்கு ரோஷம் வந்துவிட்டது, இன்னொருதரம் சீண்டினால் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விடும், ஆகையால் அதைப் பற்றி யாரும் ஆராயக் கூடாது, முறைத்துப் பார்க்கக் கூடாது, ஏறிப் பார்க்கவே கூடாது என்று சொல்ல, ஊர் மொத்தமும் கையைத் தூக்கிச் சம்மதித்தது. மீறினவருக்கு ஊர்க்காரியம் எதிலும் இடமில்லை என்று தீர்மானம் ஆயிற்று.

கையைத் தூக்கினவர்களில் இருளாயியும் ஒருத்தி. அவள்தான் அந்த ஊருக்கு நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறந்து, எந்த வயலுக்கு முதலில், எந்த வயலுக்கு அப்புறம் என்று முறைவைத்துத் தண்ணீர் விடுகிற வேலை அவளுடையது. அவளுடைய அப்பா போன பிறகு, ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு என்று ஊர் ஒரு வருஷம் யோசித்துவிட்டு, மண்வெட்டியை அவளிடமே கொடுத்தது. கண்மாய் தரையில் இருந்தவரை அவள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் மடைக்கல்லுக்கு நடுவே இருக்கிற அடைப்புக் கட்டையை மேலே இழுத்துத் திறப்பாள். இப்போது மூன்று மூங்கிலை ஒட்டுப்போட்டுக் கட்டி, இரண்டு பேர் அடியைப் பிடித்துக்கொள்ள, கீழேயிருந்து கட்டையை மேல்நோக்கிக் குத்தினாள். தண்ணீர் ஒரே கம்பமாகக் கால்வாயின் வாயில் வந்து விழுந்தது. மூங்கிலை எடுத்தால் கட்டை தன்னால் விழுந்து அடைத்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் முன்னைவிட இது சுலபம்.

சுலபமில்லாதது ஒன்று இருந்தது. தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை நீர்ப்பாய்ச்சி அய்யனார் கோயில் முன்னால் நின்று, கண்மாயில் இன்னும் எத்தனை தண்ணி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். ஒரு தண்ணி என்றால் ஊர் வயல் முழுவதும் ஒருதரம் நனைவது. அவள் சொல்கிற எண்ணை வைத்துத்தான் ஊர் இரண்டாம் போகத்துக்கு நெல் விதைப்பதா, பருத்தி போடுவதா, சும்மா கிடக்க விடுவதா என்று முடிவுசெய்யும். மடைக்கல்லில் அவளுடைய பாட்டன் காலத்தில் வெட்டின கோடுகள் உண்டு, அதைப் பார்த்து எண்ணைச் சொல்வாள். இப்போது கோடுகள் கல்லோடு மேலே போய்விட்டன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சேறுதான் தெரிந்தது, சேற்றுக்கு மேலே ஓர் ஆள் தண்ணீர் இருக்கிறதா ஒரு சாண் இருக்கிறதா என்று தெரியவில்லை.

போன வருஷம் அவள் 'எட்டு' என்றாள். அது எப்படி அவள் வாயில் வந்தது என்றால், அன்று காலை பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் கருமலையான், "எட்டுன்னு சொல்லேன், எட்டு நல்ல எண்ணு" என்று சொல்லியிருந்தான். வேறு எண் எதுவும் கைவசம் இல்லாததால் அவளும் அதையே சொல்லிவிட்டாள். ஊர் நெல் விதைத்தது, சரியாக எட்டாவது தண்ணியில் கதிர் முற்றியது, ஊர் அவளுக்கு மாலை போட்டது. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இருளாயி அதன்பிறகு அந்தச் சுவர்ப் பக்கமே பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி மாலை வாங்கினவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இந்த வருஷம் மழை பாதிதான். தை பிறந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி வெள்ளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்பலத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் தினசரித் தாளைக் கையளவு தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அவர் கண்ணாடி போடுவதில்லை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்.

"மாமா, ஒருதடவை ஏறி அளவு பாத்துட்டு வந்துர்றேன். கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்னத்தா பேசுற? அன்னைக்குக் கை தூக்கினவதான நீ?"

"தூக்கினேன். இப்ப எண்ணுச் சொல்லணும்ல?"

"போன வருஷம் சொன்னியே, அது மாதிரி ஒண்ணைச் சொல்லிட்டுப் போ. நம்மளுக்கு நிழல் இருக்கு, தண்ணி இருக்கு, வெள்ளிக்கு வெள்ளி மீனு இருக்கு. எல்லாம் நல்லாத்தான போகுது? கையை வச்சுக் கெடுத்துப்புடாத தாயி."

திரும்பி வருகிற வழியில் டீக்கடை சந்தனத்திடம் ஒரு டீ வாங்கிக் குடித்தாள். தன்னுடைய பித்தளை டம்ளரைக் காக்காய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சந்தனம் அன்றைக்கும் காக்காய்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். அரைப்படி டம்ளரைத் தூக்குகிற காக்காய் எந்த ஊர்க் காக்காய் என்று கேட்க இருளாயிக்கு அன்று மனசு இல்லை.

வீட்டில் கருமலையான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தான். ஜாக்கிரதைக்கு ஒரு பேர் வைக்க வேண்டுமென்றால் அந்த ஊரில் அவன் பேரைத்தான் வைக்க வேண்டும். வானத்தில் ஒரு பஞ்சு மேகம் இருந்தாலும் குடை எடுப்பான், தூக்குவாளி மூடிக்கு இரண்டு ரப்பர்பேண்ட் போடுவான், கதவைப் பூட்டிவிட்டு மூன்றுதரம் இழுத்துப் பார்ப்பான். இருபது வருஷத்தில் அவன் தொலைத்த ஒரே சாமான் ஓர் இஞ்சு டேப்பு. டவுன் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று போன வருஷம் இரண்டு வாரம் புலம்பினான், பிறகு புதிது வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"அம்பலம் முடியாதுன்னுட்டாரு," என்றாள்.

"முடியாதுன்னா விடு. நமக்கு எதுக்கு வம்பு?" என்றான் துணியிலிருந்து தலையைத் தூக்காமல். கொஞ்சம் தைத்துவிட்டு, "நாலுன்னு சொல்லேன்" என்றான்.

"என்னது?"

"நாலு. நாலு நல்ல எண்ணு."

இருளாயிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "போன வருஷம் எட்டு நல்ல எண்ணு, இந்த வருஷம் நாலு நல்ல எண்ணா? நாலு தண்ணிக்குப் பருத்திதான் போடணும். மேல ஏழு இருந்து நாலுன்னு சொன்னா ஊர் நெல்லை இழக்கும். ரெண்டு இருந்து நாலுன்னு சொன்னா பருத்தியும் கருகும். உங்களுக்கு என்ன, தச்சு முடிச்சா பட்டன் வச்சிட்டு எந்திரிச்சுருவீங்க."

கருமலையான் குனிந்து மிஷினை மிதித்தான்.

அன்று படுத்தபோது இருளாயி தன்னிடமே உண்மையைச் சொல்லிக்கொண்டாள். அளவு பார்க்கத்தான் ஏற வேண்டும் என்று அம்பலத்திடம் சொன்னது பாதிப் பொய். மீதிப் பாதி என்னவென்றால், அவளுக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேலாக அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்மாய்க்கு மேல்பக்கம் எப்படி இருக்கும், தாமரை வெயிலைப் பார்த்துத் திரும்புமா, கொக்கு வந்து உட்காருமா, அங்கே நின்றால் என்ன தெரியும் என்று நாற்று முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்திருக்கிறாள். சும்மா இருந்தால் மண்வெட்டி கையில் இருக்கும், மாலை கழுத்தில் இருக்கும். ஏறினால் மண்வெட்டி போகும், கண்மாய் கோபித்துக்கொண்டால் ஊரே போகும், போனது அவளால் என்று பேரன் பேத்தி காலம்வரை பேசும். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் யோசித்துப் பார்த்தாள். யோசித்து முடித்த பிறகும் ஏற வேண்டும் என்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை உச்சிவெயிலில், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது, இருளாயி சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, பாதத்தில் தளைக்கயிறு போட்டு, ஒற்றைப்பனையைக் கட்டிப்பிடித்தாள். பதினாலு வயசில் ஏறினவள், நாற்பத்து நாலில் ஏறுகிறாள். முதல் பத்தடியில் மூச்சு வாங்கியது, முழங்கால் சத்தம் போட்டது, இதற்கு மேல் போனால் இறங்குவது எப்படி என்று தெரியவில்லை. ஆனாலும் மரம் அவள் பயந்த அளவுக்குச் சிராய்க்கவில்லை. இருபது வருஷமாக யாரும் கள் இறக்காத அந்தப் பனையின் உடம்பு, தினமும் ஏறுகிற மரம் மாதிரி வழவழவென்று இருந்தது. உச்சிக்குப் போனால் ஒரு பக்கத்து மட்டைகளை யாரோ அரிவாளால் கழித்து, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி வைத்திருந்தார்கள். காற்று செய்த வேலையாக இருக்கும் என்று நினைத்தபடி அந்த வழியில் தலையை நீட்டினாள்.

கண்மாய் அவள் மார்புக்கு நேரே விரிந்து கிடந்தது. வெயில் மொத்தத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஓர் அலைகூட இல்லாமல், கரையே இல்லாமல், விளிம்பில் வந்து வானத்தோடு முடிந்தது. தாமரைகள் எல்லாம் வெயிலைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தன. நாரைகளும் கொக்குகளும் ஊரே அறியாமல் நூற்றுக்கணக்கில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன, அவளைப் பார்த்ததும் ஒன்றுகூட எழும்பவில்லை. இருளாயி சேற்று விளிம்பில் காலை வைத்தாள், கண்மாய் குலுங்கவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள். நின்றாள். கிழக்கே பனங்காட்டுக்கும் உப்பளத்துக்கும் அப்பால் ஒரு நீலக் கோடு தெரிந்தது, அது கடல். அவள் கடலைப் பார்க்காதவள் இல்லை, அப்பாவுக்குக் காரியம் செய்யப் போனபோது பார்த்திருக்கிறாள், ஆனால் அன்று கண்ணில் இருந்த தண்ணீரில் கடல் சரியாகத் தெரியவில்லை. இன்றைக்கு அது யாருக்காகவும் இல்லாமல் சும்மா அங்கே இருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தாள்.

பிறகுதான் வேலை ஞாபகம் வந்து மடைக்கல்லை நோக்கித் தண்ணீரில் நடந்தாள். மடைக்கல்லின் குறுக்குப் பலகையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. பக்கத்தில் அரைப்படி பித்தளை டம்ளர் இருந்தது. ஒரு சீப்பு, இரண்டு வெற்றிலைப் பை, பூசாரியின் விபூதிச் சம்புடம், வாத்தியாரின் சிவப்புப் பேனா, ஒற்றைச் செருப்புகள் ஐந்து, காதுகுத்துப் பத்திரிகை ஒன்று இருந்தன. இருளாயி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் காக்காய் தூக்கி வந்த சாமான் இல்லை.

கல்லின் வலது காலில், தண்ணீருக்குள் இறங்கும்படி, ஓர் இஞ்சு டேப்பு கட்டியிருந்தது. மஞ்சள் டேப்பு, நுனியில் தகரம், தையற்காரர்கள் நூல் பிரியாமல் போடுகிற இரட்டை முடிச்சு. முடிச்சுக்குப் பக்கத்தில் கல்லின் மேல் தையல் சாக்கட்டியால் வரிசையாக எழுதியிருந்தது. 'தை 9, எட்டு' என்று மேலே, மங்கலாக. அதற்குக் கீழே மாசி, பங்குனி, ஆடி என்று பதினைந்து நாளுக்கு ஒருதரம் விடாமல், மழை பெய்து ஏறினதும் வெயில் காய்ந்து இறங்கினதும் எல்லாம். கடைசி வரி போன திங்கள்கிழமைது. 'நாலு.'

இருளாயி பாட்டன் வெட்டின கோடுகளைப் பார்த்தாள். தண்ணீர் நாலாவது கோட்டில் நின்றது.

அப்படியென்றால் அவள் ஏறியிருக்க வேண்டியதே இல்லை. வீட்டிலேயே இருந்து, புருஷன் சொன்னதைக் கேட்டு, நாலு என்று சொல்லியிருந்தால் நாலு சரியாகவே இருந்திருக்கும், மாலையும் வந்திருக்கும். இவளுக்காக அந்தப் பயந்த மனுஷன் குடையைக் கீழே வைத்துவிட்டு மாதம் இரண்டுதரம் ஏறியிருக்கிறான் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்து போயிற்று. கிழக்கே திரும்பி அந்த நீலக் கோட்டைப் பார்த்தபோது, ஒவ்வொருதரமும் இதையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காமல் பட்டன் தைத்திருக்கிறான் என்பதும் உறைத்தது. அதற்கு அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு, தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு, வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அய்யனார் கோயில் முன்னால் ஊர் கூடியது. இருளாயி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாலு தண்ணி," என்றாள். "பருத்தி போடுங்க. போன வருஷம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்த வருஷம் மேல ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்."

ஊர் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தது. கண்மாய் அசையவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் இரண்டு கெளுத்தி விழுந்தது, அவ்வளவுதான்.

அம்பலம் கைத்தடியைத் தரையில் ஊன்றி எழுந்தார். "ஊர்த் தீர்மானத்தை மீறினவ மண்வெட்டியைக் கீழ வைக்கணும்" என்று ஆரம்பித்தார். இருளாயி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு மடியை அவிழ்த்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்.

"வச்சுட்டேன் மாமா. இதை மாட்டிக்கிட்டு மீதியைச் சொல்லுங்க. மேலயே விட்டுட்டு வந்துட்டீங்க."

அம்பலம் கண்ணாடியை வாங்கினார். வாங்காமல் இருந்திருக்கலாம், ஆனால் ஆறு மாதமாகத் தாள் படிக்க முடியாத கை தன்னால் நீண்டுவிட்டது. அடுத்து வந்த டம்ளரைப் பார்த்ததும் சந்தனம் "என் டம்ளரு!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்தினாள். விபூதிச் சம்புடம் வந்தது, சிவப்புப் பேனா வந்தது, ஒற்றைச் செருப்புகள் ஐந்தும் வந்தன. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை, வாத்தியார் என்றுதான் பின்னால் சொன்னார்கள். அம்பலம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கூட்டத்தை ஒருதரம் தெளிவாகப் பார்த்துவிட்டு, "மத்தியானம் கிழக்குப் பக்கம் பாத்தியாத்தா? நாலு பாய்மரம் வரிசையா போகும்" என்றார் மெதுவாக. மண்வெட்டியை அவரே குனிந்து எடுத்து அவள் தோளில் வைத்தார். டேப்பை மட்டும் இருளாயி மடியிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கருமலையான் குடையை விரித்து அவளுக்கும் சேர்த்துப் பிடித்தபடி நடந்தான்.

"கோவமா?" என்றான்.

"ஆமா."

"உனக்காகத்தான் ஏறினேன். நீ போய் விழுந்து கிழுந்து வச்சா..."

"ஏறினதுக்கு இல்ல. தனியா ஏறினதுக்கு. ஒரு வருஷமா அந்தக் கடலை நீங்க மட்டும் பாத்துருக்கீங்க."

கருமலையான் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தான். கொஞ்ச தூரம் போய், "நாளைக்கு எலுமிச்சஞ்சோறு கட்டிக்கலாமா?" என்றான்.

மறுநாள் உச்சிவெயிலில் டீக்கடை சந்தனம் கரைவழியே வந்தபோது, ஒற்றைப்பனையின் அடியில் ஒரு குடை சாத்தியிருந்தது, அதன் பக்கத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. மேலே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. சந்தனம் அண்ணாந்து பார்க்கவில்லை. இறங்கி வரும்போது கால் சுடுமே என்று செருப்புகளை மட்டும் நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.